கியர்பாக்ஸை இறக்கும் முன் காரணத்தைத் தேடும் பட்டறை

யாங்கோனில், தென் ஒக்கலாபா தொழிற்பேட்டைக்குப் பின்புறத் தெரு ஒன்றில் பெயர்ப் பலகை இல்லாத ஒரு பட்டறை இருக்கிறது. வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தைச் சொல்லித்தான் எல்லோரும் வழி காட்டுகிறார்கள். ஆட்டோ கியர் வண்டிகளைத் தவிர வேறு எதையும் அங்கே எடுத்துக்கொள்வதில்லை. என்னுடைய 2004ஆம் ஆண்டு டொயோட்டா ப்ரோபாக்ஸை அங்கே மூன்று முறை கொண்டு சென்று, அதன் பிறகு ஒரு மழைக்காலம் முழுவதும் ஓட்டிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். வேலை முடிந்த மறுநாளே எழுதியிருந்தால் வெறும் பாராட்டாகவே இருந்திருக்கும். கியர்பாக்ஸ் வேலையைப் பற்றி ஒருவர் சொல்லும் கருத்துக்கு, அதற்குப் பிறகு அந்த வண்டி ஓடிய தூரம்தான் மதிப்புத் தருகிறது.

பயின்னாங் சந்தையில் உளுந்து, துவரை வியாபாரத்தில் இருப்பவன் நான். சரக்கு பார்க்க மாதத்தில் இரண்டு முறையாவது தௌங்கூ வரை போய் வருவேன். யாங்கோன் நகரத்துக்குள் ஊர்ந்து போகும்போது வண்டியில் எந்தக் குறையும் தெரியவில்லை. விரைவுச்சாலையில் ஏறி, மணிக்கு 70, 80 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்ஸிலரேட்டரில் காலை லேசாக வைத்து நிதானமாகப் போகும்போது மட்டும் வண்டி இரண்டு மூன்று விநாடிகள் நடுங்கும். வேகத்தைக் குறைக்கச் சொல்லிச் சாலையின் குறுக்கே போட்டிருக்கும் வரிமேடுகளின் மீது ஏறியதுபோல இருக்கையின் அடியில் ஓர் உதறல் வரும். வந்த வேகத்தில் அடங்கியும் போகும். மாண்டலே விரைவுச்சாலை 2010 இறுதியில் முழுமையாகத் திறக்கப்பட்டதிலிருந்து அதில் போய் வருகிறவர்களுக்குத் தெரியும், அது காங்கிரீட் சாலை, பலகை பலகையாக வார்த்த இடங்களின் இணைப்புகள் டயரில் தட்டிக்கொண்டே இருக்கும். முதல் இரண்டு பயணங்களில் இதையும் அந்தத் தட்டல் என்றே எண்ணி, 115ஆம் மைல் ஓய்விடத்தில் டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். பிறகு ஒருநாள் பெகுவுக்குப் பழைய தார்ச் சாலையில் போகும்போதும் அதே நடுக்கம் வந்ததும்தான் குறை சாலையில் இல்லை, வண்டியில் இருக்கிறது என்று புரிந்தது.

முதலில் வேறொரு பட்டறைக்குத்தான் போனேன். அங்கே ஒரு பையன் தீப்பெட்டி அளவுள்ள கருவி ஒன்றை ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சொருகியில் மாட்டி, கைப்பேசியைப் பார்த்துவிட்டு, கோடு (வண்டியின் கணினி பதிவு செய்யும் பழுது எண்) எதுவும் இல்லை என்றான். அதன் பிறகு அங்கிருந்தவர்கள் தங்களுக்குள் பேசி, கன்வெர்ட்டர் (எஞ்சினின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி) போய்விட்டது, ஜப்பானிலிருந்து வந்த பழைய கியர்பாக்ஸ் ஒன்று இருக்கிறது, அப்படியே மாற்றிவிடலாம் என்று ஒரு தொகையைச் சொன்னார்கள். வண்டியை அவர்கள் ஓட்டிப் பார்க்கவில்லை. ஆயில் குச்சியை உருவிக்கூடப் பார்க்கவில்லை. அந்தத் தொகை என் வண்டியின் விலையில் கணிசமான பங்கு என்பது ஒருபுறமிருக்க, எந்த அடிப்படையில் அப்படி முடிவு செய்தார்கள் என்று கேட்டதற்கு யாரிடமிருந்தும் பதில் வராததுதான் என்னை அங்கிருந்து கிளம்ப வைத்தது. சந்தையில் எனக்குப் பக்கத்துக் கடைக்காரர்தான் தூங்குமூஞ்சி மரத்தடிப் பட்டறைக்கு அனுப்பி வைத்தார்.

பட்டறையை நடத்துபவர் சிரியம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த தமிழர். அறுபதை நெருங்கும் வயது. வேலை செய்யும் பர்மியப் பையன்கள் அவரைச் சயா, அதாவது வாத்தியார், என்கிறார்கள். தமிழ்ப் பையன்களுக்கு அவர் அண்ணன். முன்கூட்டிச் சொல்லாமல் போனதால் முதல் நாள் என் வண்டியை அவர் தொடவே இல்லை. ஒன்பது நாள் கழித்து வரச் சொன்னார். ஒன்பதாம் நாள் போனபோதும் பானட்டைத் திறக்காமல், மர நிழலில் ஒரு பெஞ்சியில் உட்கார வைத்துக் கேள்விகளாகக் கேட்டார். காலையில் எடுத்தவுடனே நடுங்குகிறதா, சூடேறிய பிறகா? மேட்டில் ஏறும்போதா, சமதளத்திலா? காலை முழுவதுமாக எடுத்துவிட்டால் நிற்கிறதா? ஓவர்டிரைவை (மேல் கியரை) அணைத்துவிட்டு ஓட்டியதுண்டா? நடுங்கும்போது சத்தம் எப்படி இருக்கும் என்று நான் வர்ணிக்கத் தொடங்கியதும் கையமர்த்தினார். "தம்பி, சத்தத்த விடுங்க. அந்த நேரத்துல கால எவ்வளவு அழுத்தியிருந்தீங்க, அதச் சொல்லுங்க" என்றார். அரைமணி நேரம் அப்படியே போனது. எனக்குப் பாதிக் கேள்விகளுக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று நான் சொன்னவற்றை அவர் ஒரு சிகரெட் அட்டையின் பின்புறம் குறித்துக்கொண்டார். ஓட்டிப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை அவைதான் என்று பிறகு விளங்கியது.

டார்க் கன்வெர்ட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லாமல் போனால் அவர் செய்த சோதனைகளின் அருமை விளங்காது. 1905இல் ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் கப்பல்களுக்காகக் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழி வந்ததுதான் இன்று ஆட்டோ கியர் கார்களில் இருப்பது. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் இம்பெல்லர் ஆயிலை வீசுகிறது. எதிரே இருக்கும் டர்பைன் அந்த வீச்சில் சுழன்று கியர்பாக்ஸைச் சுழற்றுகிறது. நடுவில் இருக்கும் ஸ்டேட்டர், திரும்பி வரும் ஆயிலின் திசையைத் திருப்பிவிட்டு, புறப்படும் நேரத்தில் முறுக்குவிசையை ஏறக்குறைய இரண்டு மடங்காகப் பெருக்கித் தருகிறது. ஆனால் ஓட்டம் சீரான பிறகும் விசை ஆயில் வழியாகவே போய்க்கொண்டிருந்தால், எஞ்சினுக்கும் டர்பைனுக்கும் இடையில் சிறிது வழுக்கல் இருந்துகொண்டே இருக்கும். அந்த அளவுக்குப் பெட்ரோல் வீணாகும், ஆயிலும் சூடேறும். அதைத் தடுக்கவே கன்வெர்ட்டருக்குள் ஒரு கிளட்ச் வைத்திருக்கிறார்கள். எஞ்சின் சூடேறி, வேகம் போதுமான அளவுக்கு வந்து, பிரேக்கில் கால் இல்லாமல் நிதானமாக ஓடும் நிலையில், வண்டியின் கணினி மின்சாரத்தால் இயங்கும் ஒரு சோலினாய்டு வால்வைத் திறந்து ஆயில் அழுத்தத்தால் அந்தக் கிளட்ச்சைக் கன்வெர்ட்டரின் உள்சுவரோடு ஒட்ட வைக்கிறது. அதன் பிறகு எஞ்சினும் டர்பைனும் ஒரே சுற்றில் சுழலும். இதைத்தான் லாக்-அப் என்கிறார்கள். அண்ணன் இதை எனக்கு இரண்டே வரியில் சொன்னார்: "பொறப்படும்போது ஆயில் கை கொடுக்குது, ஓட்டம் சீரானதும் இரும்பு கை கோக்குது. ஒங்க வண்டி கை கோக்குற நேரத்துல நடுங்குதான்னுதான் பாக்கணும்."

நகரத்துக்குள் எனக்குக் குறையே தெரியாமல் போனதற்கும் இதுதான் காரணம். ஊர்ந்து நகரும் நெரிசலில் லாக்-அப் பிடிக்கும் வாய்ப்பு குறைவு. இரண்டு மாதமாக நகரத்திலேயே ஓடும் வண்டியில் இந்தக் கிளட்ச் கெட்டிருந்தாலும் ஓட்டுபவருக்குத் தெரியாது என்பதால், பழைய ஜப்பான் வண்டி வாங்கும் முன் ஒருமுறையாவது ஊருக்கு வெளியே நிதானமான வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கேள்விகள் முடிந்ததும் ஆயிலைப் பார்த்தார்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை ஓடவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரேக்கை மிதித்தபடி கியர் நெம்புகோலைப் பி முதல் எல் வரை ஒவ்வொரு நிலையிலும் சற்றே நிறுத்தி நகர்த்தி, மீண்டும் பி நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் குச்சியை உருவினார்கள். அளவு சூட்டுக் குறிக்குள் சரியாக இருந்தது. அதன் பிறகு ஒரு பையன் குச்சியின் நுனியிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு, பக்கத்திலேயே புதிய டப்பாவிலிருந்து ஒரு சொட்டை விட்டு, இரண்டையும் நிழலில் வைத்தான். கால்மணி நேரத்தில் புதியது வெற்றிலை போட்ட உதட்டு நிறத்தில் சீராகப் பரவியிருந்தது; என்னுடையது நடுவில் காப்பி வண்டலைப் போல ஒரு கரும்பொட்டும் அதைச் சுற்றிப் பழுப்பு வளையமுமாக இருந்தது. அண்ணன் தாளை முகர்ந்து பார்த்தார். என்னையும் முகரச் சொன்னார். பழைய வாடை இருந்தது, ஆனால் தீய்ந்த வாடை இல்லை. தீய்ந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும் என்றார். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் மற்ற கிளட்ச்சுகள் எரிந்தாலும் அந்த வாடை வரும். அப்போது லாக்-அப்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

அடுத்து ஸ்கேனரை மாட்டினார்கள். முதல் பட்டறையில் நடந்தது என்னவென்று எனக்குப் புரிந்தது இங்கேதான். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்ட பழைய வண்டிகள் பலவற்றோடு அந்தச் சிறிய மலிவுக் கருவி பேசுவதே இல்லை. சொருகி பொருந்தும், விளக்கு எரியும், தகவல் வராது. அண்ணன் தம்மிடமிருந்த அதே மாதிரிக் கருவியை மாட்டி எனக்குக் காட்டினார். கைப்பேசித் திரையில் இணைப்புக் கிடைக்கவில்லை என்றுதான் வந்தது. கோடு இல்லை என்று என்னிடம் சொன்னவர் பார்த்ததும் இதையாகத்தான் இருக்க வேண்டும். வண்டி பதில் சொல்லாததை வண்டியில் குறையில்லை என்று எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு கியர்பாக்ஸையே மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். டொயோட்டாவுக்கான ஸ்கேனரை மாட்டிய பிறகு பார்த்தபோதும் கோடு எதுவும் பதிவாகியிருக்கவில்லை; ஆனால் இது கேட்டுப் பெற்ற பதில். லாக்-அப் தொடர்பான கோடுகள் பி0740இலிருந்து பி0744 வரை உண்டு. 0741 என்றால் பிடிக்கச் சொல்லியும் பிடிக்கவில்லை, 0742 என்றால் விடச் சொல்லியும் விடவில்லை, 0743 என்றால் மின்சுற்றில் பழுது. என் வண்டியைப் போலப் பிடிக்கும் நேரத்தில் மட்டும் சற்றே நடுங்கிவிட்டுப் பிறகு பிடித்துக்கொண்டால், கணினிக்கு அது பழுதாகவே தெரியாது. ஆகவே கோடு இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது, ஓடும்போது எண்களைப் பார்க்க வேண்டும் என்றார்.

லெகு பக்கம் போகும் சாலையில் ஓட்டிப் பார்த்ததுதான் இந்தப் பட்டறையில் நான் கொடுத்த பணத்துக்கு முழு மதிப்பான பகுதி. என்னையே ஓட்டச் சொல்லிவிட்டு அண்ணன் ஸ்கேனருடன் இடப்பக்கம் அமர்ந்தார். 1970 முதல் வலப்புறம் ஓடும் நாட்டில் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியை ஓட்டும் நமக்கு, எதிரே வருவதைப் பார்த்துச் சொல்வதும் இடப்பக்கம் இருப்பவர் வேலைதான். அவர் ஒரு கண்ணால் சாலையையும் ஒரு கண்ணால் திரையையும் பார்த்துக்கொண்டு வந்தார். எஞ்சின் சுற்றும் கியர்பாக்ஸுக்குள் நுழையும் சுற்றும் திரையில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஓடின. நான்காவது கியரில் மணிக்கு 75 கிலோமீட்டரில் காலை ஆடாமல் வைத்திருந்தபோது மேலே 2,100க்குச் சற்று மேல், கீழே 1,960. லாக்-அப் கட்டளை வந்ததைத் திரை காட்டியதும் மேலே உள்ள எண் இறங்கத் தொடங்கியது. கீழே உள்ள எண்ணோடு ஒன்றாகப் போய் நின்றுவிட வேண்டிய இடத்தில் அது நிற்கவில்லை. முப்பது கூடியது, முப்பது குறைந்தது, மறுபடி கூடியது. அந்த நொடியில்தான் இருக்கை உதறியது. மூன்று விநாடிக்குள் இரண்டு எண்களும் ஒன்றாகி உதறலும் நின்றது. இத்தனை நாள் முதுகால் உணர்ந்ததை அன்றுதான் எண்ணாகப் பார்த்தேன்.

அதோடு அவர் விட்டுவிடவில்லை. பின்னால் வண்டி எதுவும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அடுத்த முறை நடுக்கம் தொடங்கியதும் வலக்காலை அசைக்காமல், இடக்காலால் பிரேக் பெடலைத் தொட்டும் தொடாமலும் அழுத்தச் சொன்னார். பிரேக் பிடிக்கும் அளவுக்கு இல்லை. பின்விளக்கு எரியும் அளவுக்கு மட்டும். பிரேக் சுவிட்ச் தகவல் வந்ததும் கணினி லாக்-அப்பை விடுவித்துவிடும். தொட்ட மாத்திரத்தில் நடுக்கம் அறுந்ததுபோல் நின்றது. எஞ்சின் சுற்று நூற்றைம்பது வரை மேலே போனது. காலை எடுத்ததும் சற்று நேரத்தில் லாக்-அப் மீண்டும் வந்தது. நடுக்கமும் கூடவே வந்தது. இதை ஐந்து முறை செய்தோம், ஐந்து முறையும் அப்படியே நடந்தது. ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ கெட்டு எஞ்சின் விட்டு விட்டு எரிந்தாலும் ஏறக்குறைய இதே போன்ற உதறல்தான் வரும்; பல பட்டறைகள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு காயில்களை மாற்றிவிடுகின்றன. எஞ்சின் கோளாறாக இருந்தால் பிரேக் பெடலைத் தொட்டதால் அது நிற்க வேண்டிய காரணம் இல்லை. காலை நன்றாக அழுத்திப் பளு ஏற்றும்போது அது இன்னும் மோசமாகும். என் வண்டி அழுத்தினால் சரியாகிவிடுகிறது, லேசாக வைத்தால்தான் நடுங்குகிறது. செலவில்லாத இந்த ஒரு சோதனையை ஆட்டோ கியர் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

நான் ஒன்று கேட்டேன்: பிரேக்கை இறுக மிதித்துக்கொண்டு டி நிலையில் முழுவதுமாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் பார்க்கும் ஸ்டால் சோதனையைச் செய்ய வேண்டாமா? வேண்டாம் என்றார். வண்டி நின்ற நிலையில் லாக்-அப் பிடித்திருக்காது. ஆகவே அந்தச் சோதனை ஸ்டேட்டரைப் பற்றியும் முன்னோக்கு கிளட்ச்சுகளைப் பற்றியும் சொல்லுமே தவிர இந்தக் கிளட்ச்சைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஐந்து விநாடிக்கு மேல் பிடித்தால் ஆயில் கொதித்துவிடும். தேவையில்லாத சோதனையைச் செய்யாமல் விடுவதும் திறமையில் சேர்ந்ததுதான் என்று அப்போது தோன்றியது.

பட்டறைக்குத் திரும்பிய பிறகு மின்பக்கம் பார்த்தது விரைவில் முடிந்தது. லாக்-அப் சோலினாய்டின் மின்தடையை அளந்தார்கள். 12 ஓமுக்குச் சற்று மேல் காட்டியது, டொயோட்டாவின் இந்த வகைச் சோலினாய்டுகளுக்கு 11 முதல் 15 ஓம் வரை இருப்பது சரி. பிரேக் சுவிட்ச் சரி. எஞ்சின் சூடு 85 டிகிரியைத் தாண்டி நிலையாக நின்றதால் தெர்மோஸ்டாட்டும் சரி. வெப்பமான நாடு என்று காரணம் சொல்லித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. அப்படிச் செய்த வண்டியில் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல், கணினி லாக்-அப்புக்கு அனுமதியே தராமல் போவதுண்டு. கன்வெர்ட்டரையே மாற்றிய பிறகும் லாக்-அப் வராமல் இவரிடம் வந்த ஒரு வண்டிக்கு, ஒரு தெர்மோஸ்டாட்டும் ஒரு கேஸ்கெட்டும் மட்டுமே தேவைப்பட்டனவாம்.

நான் காத்திருந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு டாக்சி நின்றது. அதுவும் ப்ரோபாக்ஸ்தான், குறை மட்டும் நேர் எதிர். சிவப்பு விளக்கில் நிறுத்தப் போகும்போதெல்லாம் எஞ்சின் அணைந்துவிடுகிறது என்று ஓட்டுநர் சொன்னார். கிளட்ச்சை மிதிக்காமல் கைகியர் வண்டியை நிறுத்தினால் எப்படிக் குலுங்கி அணையுமோ அப்படியே அணைந்ததை நானே பார்த்தேன். நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு நிறுத்தினால் அணையவில்லை. பிடித்த லாக்-அப் விடாமல் நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. அந்த வண்டியில், ஆயில் போகும் வழிகளைத் திருப்பும் வால்வுகள் அடங்கிய வால்வு பாடியைக் கழற்றியபோது, லாக்-அப்பைத் திருப்பிவிடும் வால்வு அழுக்கில் சிக்கி நகராமல் இருந்தது. விரல் நீளம் கூட இல்லாத அந்த வால்வைக் கழுவி, அதன் குழிக்குள் தானாக வழுக்கிப் போகிறதா என்று அண்ணன் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்த காட்சி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

என் வண்டிக்கு அவர் சொன்ன முடிவு இது. கிளட்ச்சின் உராய்வுப் பட்டை முழுவதும் தேய்ந்துவிடவில்லை. தேய்ந்திருந்தால் இரண்டு எண்களும் ஒன்றாகவே ஆகியிருக்காது. ஆயிலில் இருக்கும் உராய்வைச் சீராக்கும் சேர்மங்கள் காலப்போக்கில் செத்துவிட்டதால், பட்டை மெல்லப் பிடிப்பதற்குப் பதில் பிடித்தும் வழுக்கியும் பிடித்தும் நடுங்குகிறது. பட்டையின் மேல்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாகியிருந்தால் ஆயில் மாற்றியும் பலனிருக்காது. அது கன்வெர்ட்டரை அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். அறுத்துத் திறந்த பழைய கன்வெர்ட்டர் ஒன்றை அலமாரியில் வைத்திருக்கிறார். அதன் பட்டை மேல் என் விரலை வைத்துத் தேய்க்கச் சொன்னார். ஒரு பக்கம் தடித்த அட்டையைப் போலச் சொரசொரப்பாகவும் மறுபக்கம் மெருகேற்றிய கருங்கல்லைப் போலவும் இருந்தது. முதலில் ஆயிலை முறைப்படி மாற்றிப் பார்ப்போம், 500 கிலோமீட்டருக்குள் நடுக்கம் திரும்ப வந்தால் கன்வெர்ட்டரை இறக்குவோம், எது நடக்கும் என்று இப்போது என்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். உறுதி சொல்ல முடியாது என்று ஒரு மெக்கானிக் வாயால் கேட்டது எனக்கு அதுவே முதல் முறை. அந்தச் சொல்லால்தான் அவரை முழுமையாக நம்பினேன்.

வடிகால் திருகைக் கழற்றினால் இந்த வண்டியில் சுமார் 3 லிட்டர்தான் வெளியே வரும். மீதி கன்வெர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் தங்கிவிடும். ஆகவே ஒருமுறை மாற்றுவது பாதிக்கும் குறைவாக மாற்றுவதுதான். அழுத்தம் கொடுத்துக் கழுவும் இயந்திரத்தை இவர்கள் பயன்படுத்துவதில்லை. வடித்து, ஊற்றி, இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டி, மீண்டும் வடிக்கிறார்கள். மூன்று முறை. ஊற்றியது குச்சியில் குறித்திருக்கும் டைப் டி-4 ஆயில். எல்லா வண்டிக்கும் ஒத்துவரும் என்று எழுதிய டப்பாக்களைப் பட்டறைக்குள் வைப்பதே இல்லை. இந்தக் கிளட்ச் எவ்வளவு வழுக்கலாம் என்பதையே ஆயிலின் குணம்தான் தீர்மானிக்கிறது என்பதால் இந்தக் கண்டிப்பு சரியே. டப்பாவின் மூடியை என் கண்முன் திறந்தார்கள்.

இரண்டாம் முறை அடித்தட்டைக் கழற்றியபோது கூப்பிட்டுக் காட்டினார்கள். இரும்புத் தூளைப் பிடிக்க அதில் வைத்திருக்கும் காந்தங்களில், விபூதியைத் தண்ணீரில் குழைத்ததுபோல் சாம்பல் நிறத்தில் நெய்யாக ஒரு சேறு அப்பியிருந்தது. அதை விரல்களுக்கிடையில் தேய்த்தபோது நெருடவில்லை. இது இயல்பான தேய்மானம். மினுமினுக்கும் துகளோ ஊசிபோன்ற சிராய்களோ இருந்தால்தான் அஞ்ச வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூன்று முறை வர வேண்டியிருக்கும் என்பதை முதல் நாள் எனக்குச் சொல்லவில்லை; சந்தை நாளில் வண்டியில்லாமல் தவித்தேன். சல்லடை கையிருப்பில் இல்லாததால் முதல் முறை அடித்தட்டைத் திறக்காமல் விட்டார்கள். முன்பே வாங்கி வைத்திருந்தால் முதல் ஆயிலே சுத்தமான தட்டில் ஊற்றப்பட்டிருக்கும். மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டர் போதாமல் லிஃப்ட் நின்றுபோய் ஒரு பிற்பகல் வீணானது. எல்லாவற்றுக்கும் மேலாக, பில் எழுதித் தருவதில்லை. ஸ்கேனரில் பார்த்த எண்களையும் பதிவு செய்து தருவதில்லை. இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பவர் பார்த்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், நாளை வேறு ஊரில் வண்டி நின்றாலும் அங்கே இருப்பவருக்கு அது உதவும். இதை அவரிடம் நேரிலேயே சொன்னேன். மகளை உட்கார வைத்து எழுத ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார். கன்வெர்ட்டரை அறுத்துப் புதுப்பிக்கும் வசதியும் இங்கே இல்லை. தேவைப்பட்டால் ஜப்பானிலிருந்து வந்த பழைய கன்வெர்ட்டரைத்தான் போடுவார்கள். அதன் உள்ளே பட்டை எவ்வளவு மிச்சம் என்று யாராலும் பார்க்க முடியாது என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார்.

கட்டணத்தில் எனக்குக் குறையில்லை. சோதனைக்கென்று தனித் தொகை வாங்குகிறார்கள். அங்கேயே வேலை செய்தால் அதைக் கூலியில் கழித்துக்கொள்கிறார்கள். மூன்று முறை ஆயில், சல்லடை, கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்தும், முதல் பட்டறையில் கியர்பாக்ஸுக்குச் சொன்ன தொகையில் ஆறில் ஒரு பங்கைத் தொடவில்லை.

முதல் ஆயிலுக்குப் பிறகு நடுக்கம் பாதியானது. மூன்றாவதற்குப் பிறகு விரைவுச்சாலையில் தௌங்கூ வரை போய்த் திரும்பியதில் ஒருமுறைகூட வரவில்லை. இந்த மழைக்காலத்தில் நான்காயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டேன். முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஏசி போட்டு நான்கு பேர் ஏறி, தன்லின் பாலத்தின் மேட்டில் மெல்ல ஏறிய ஒரு மாலையில், ஒரு விநாடிக்கும் குறைவாக அந்தப் பழைய உதறல் தொட்டுவிட்டுப் போனது. தொலைபேசியில் சொன்னேன். எத்தனை கிலோமீட்டர் வேகம், கால் எவ்வளவு, எஞ்சின் சூடு எங்கே இருந்தது என்று மூன்று கேள்விகள் கேட்டார். இன்னொரு முறை வந்தால் தேதி போட்டு எழுதி வையுங்கள், மாதத்தில் இரண்டு முறைக்கு மேல் வந்தால் கொண்டு வாருங்கள் என்றார். ஆயில் சொட்டு விட்ட அந்த வெள்ளைத் தாளின் பின்புறத்தில் எழுதி, வண்டியிலேயே வைத்திருக்கிறேன். இதுவரை அதில் ஒரு தேதிதான் இருக்கிறது.

போக நினைப்பவர்கள் இரண்டு வாரத்துக்கு முன்பே ஆள் அனுப்பியோ நேரில் போயோ நாள் வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் போங்கள், எஞ்சின் குளிர்ந்த நிலையிலிருந்து பார்க்கத் தொடங்குவது அவருக்குப் பிடிக்கும். குறை எந்த வேகத்தில், எந்த நிலையில் வருகிறது என்று ஒரு வாரமாவது கவனித்துக் குறித்துக்கொண்டு போனால், மர நிழலில் கேட்கப்படும் அந்தக் கேள்விகளில் என்னைப் போலப் பாதிக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டியிருக்காது.